சம்பளப் பாக்கி

ஒன்பதாம் எண் அறைக்கு
இருபது டாலர் கூடுதல்.
பேய்க்கு என்று ரசீதில் எழுதுவதில்லை;
'வரலாற்றுப் பராமரிப்பு' என்று எழுதுகிறார்கள்.

மேசைக்குப் பின்னிருந்து ஓரின் ஹாஸ்கெட்
பித்தளைச் சாவியை நீட்டினான்.
எண் பாதி தேய்ந்து
ஆறா ஒன்பதா என்று தெரியவில்லை.
"வந்தாலும் ஒன்றும் செய்யமாட்டாள்" என்றான்,
நாய் வளர்ப்பவர்கள் சொல்கிற அதே குரலில்.

ஒன்பதாயிரத்து முந்நூறு அடி உயரம்.
மூன்றாம் மாடி ஏறுவதற்குள்
என் மூச்சு எனக்கு முன்னே போய்
திரும்பி நின்று காத்திருந்தது.
கொலராடோவில் அக்டோபருக்கே பனி.
வெள்ளிச் சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகியும்
ஊர் இன்னும் அதன் வாய்க்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறது.

சுவரில் சட்டமிட்ட கதை:
ஹெட்விக் லிண்ட், அறைப் பணிப்பெண்,
சுவீடனிலிருந்து வந்தவள்.
1911 பிப்ரவரி. பனிச்சரிவு.
துணி வெளுக்கும் கொட்டகையோடு போனாள்.
அன்று முதல் இந்த அறையில்
படுக்கை தானாகச் சீராகும்,
கழற்றிப் போட்ட சட்டை மடிந்திருக்கும்.
படத்தில் இருப்பது வேறு யாரோ என்று
அடியில் பொடி எழுத்தில் ஒப்புதல்.

பேய் என்றால் ஏதாவது கேட்க வேண்டாமா,
பழி, பலி, ஒரு வாய்ச் சோறு?
இவள் துணி மடிக்கிறாள்.

நான் பதினாறு வருடமாக இரவுப்பணி நர்ஸ்.
டென்வரில், ஐந்தாம் தளம், இதயப் பிரிவு.
விடுப்பிலும் என் உடம்புக்கு இரவு பகலாகவே இருக்கிறது.
மூன்று மணி எனக்குப் பழகிய மணி:
தண்ணீர் கேட்பவர்கள் கேட்கும் நேரம்,
கேட்டுவிட்டுக் குடிக்காமல் போகிறவர்களும்.
அதனால் சுவருக்குள் யாரோ முட்டியபோது
எழுந்து உட்கார்ந்து
"இதோ வருகிறேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

ஆவிதான்.
கீழே கொதிகலனில் பிறந்து
மூன்று மாடி இரும்புக்குழாய் ஏறி
சன்னலோரம் பெருமூச்சு விட்டு
தண்ணீராகி இறங்குகிறது.
திரும்ப ஏறுகிறது.

தூக்கம் போனது.
நடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி,
உள்ளே திறந்து வைத்த சம்பளப் பேரேடு.
லிண்ட், ஹெட்விக். பிப்ரவரி. பதினோரு நாள்.
எதிரே கையெழுத்துக் கட்டம் காலி.
மேலும் கீழும் எல்லாக் கட்டத்திலும் மை.
அந்த வெற்றிடத்தின் முன்
காலுறையோடு
வெகுநேரம் நின்றேன்.
பாதம் மரத்துப்போனது.

விடியும் முன் கிளம்ப வேண்டும்.
பெட்டியை மூடும்போதே
கைகள் தம் பாட்டுக்குப் படுக்கையைச் சீர்செய்தன.
மூலையை உயர்த்தி, சாய்த்து, செருகி,
சுருக்கமில்லாமல் இழுத்து,
உடலை எடுத்துப் போன பிறகு
அடுத்த ஆளுக்காக நாங்கள் செய்கிற மடிப்பு.
தலையணை மேல் இருபது டாலர்.

மறந்த கழுத்துத்துணிக்காகப் பாதிப் படியில் திரும்பினேன்.
வாசலில் தள்ளுவண்டியோடு டெல்ஃபீனா ஆர்ச்சுலெட்டா,
உள்ளே போகாமல்.
"இருபத்திரண்டு வருடம்" என்றாள்,
"நான் மடித்ததற்கெல்லாம் அவளுக்குத்தான் பேர்.
இன்றுதான் என் வேலையில் ஒன்றை
அவள் செய்திருக்கிறாள்."
நெற்றியிலும் மார்பிலும் சிலுவை இட்டாள்.
மூலைமடிப்பை விரலால் தொட்டுப் பார்த்து
"நன்றாகவே செய்கிறாள்" என்றாள், கொஞ்சம் பொறாமையோடு.

சொல்லியிருக்கலாம்.
கழுத்துத்துணியை எடுத்துக்கொண்டேன்.

நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"பாதி அவளுக்கு" என்று சிரித்து
முழுவதையும் ஏப்ரனில் போட்டுக்கொண்டாள்.

வெளியே கார்க் கண்ணாடியில் விரல் தடிமனுக்குப் பனி.
சுரண்டிக்கொண்டே நிமிர்ந்தேன்.
மூன்றாம் மாடிச் சன்னலில்
யாரோ ஒரு விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.
டெல்ஃபீனாவாகத்தான் இருக்கும்.
கையசைத்தேன்.
வேலையில் இருந்தவள் பார்க்கவில்லை.