கோப்பெருக்கு நீளமான வழி

வண்டியை விற்றாகிவிட்டது.
முன்பணம் கூரைக்காரன் கைக்குப் போயாகிவிட்டது.
மாலை நான்கு மணிக்குக் கோப்பெர் துறைமுகத்தில்
சாவியைக் கொடுத்தால் தீர்ந்தது.

தொலைபேசி ஒரு நீலக்கோடு போட்டுக் காட்டியது:
நெடுஞ்சாலை, சுரங்கம், மறுபடி நெடுஞ்சாலை,
இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.
யெர்னெய் அதைக் கவிழ்த்து வைத்தான்,
தோற்ற சீட்டைக் கவிழ்ப்பதுபோல.
சாப்பாட்டு மேசையில் காகித வரைபடம் விரிந்தது.
மடிப்புக் கிழிசலில் ஒரு கிராமமே காணோம்.

அவனுக்கென்று சில விதிகள்.
இரண்டு சாலை இருந்தால் மெலிந்த கோடு.
ஆற்றோடு சேர்ந்துவிட்டால் ஆற்றை விடக்கூடாது.
பச்சை விளிம்பிட்ட சாலையென்றால் பேச்சே இல்லை.
வெயில் எப்போதும் முதுகில் இருக்கவேண்டும்.
"தெற்கே போகிறவனுக்கு வெயில் முகத்தில்தான் அடிக்கும்" என்றேன்.
"அப்படியானால் மெதுவாகப் போவோம்" என்றான்.

நான் குறுக்குவழிகளை இகழமாட்டேன்.
லுச்கா பிறந்த இரவு
இதே பட்டாணிப்பச்சை ரெனோவில்
யெசெனிட்செ மருத்துவமனைக்குப் பறந்தோம்.
அன்று உலகத்திலேயே அழகான சாலை
விளக்குக் கம்பங்கள் மட்டும் நின்ற நேர்சாலை.

வ்ர்ஷிச் கணவாய்.
ஐம்பது கொண்டை ஊசிகள்,
ஒவ்வொன்றுக்கும் எண்பலகை.
வருகைப்பதிவு எடுப்பதுபோல்
வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.
பலகையிலிருந்து குடைக்காம்புபோல் நீளும் கியரை
அவன் தள்ளினான், இழுத்தான், சீட்டியடித்தான்.

எட்டாம் வளைவருகே மரக்கோயில்.
முதல் உலகப்போரில் பீரங்கிகள் மலையேற வேண்டுமென்று
ருஷ்யக் கைதிகள் போட்ட சாலை இது.
பனிச்சரிவு இறங்கியபோது
அவர்கள் வேலையில் இருந்தார்கள்.
காட்சிக்காக யாரும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை,
எங்களைத் தவிர.
கருங்கல் பாவிய திருப்பங்களில்
சக்கரம் ஒவ்வொரு கல்லாகச் சொல்லிக்கொண்டே ஏறியது.
பதினொன்றுவரை சீட்டி வரவில்லை.

பத்தொன்பதில் ரேடியேட்டர் கொதித்தது.
நீர் வழிந்தது, வழி நின்றது.
சைக்கிளில் ஏறிவந்த போலந்துக்காரி
தன் புட்டியில் பாதியை ஊற்றிவிட்டு
மீதியைக் குடிக்காமல் குலுக்கிப் பார்த்தாள்,
அதையும் ஊற்றினாள்.
நடுச்சாலையில் படுத்திருந்த ஆடுகள்
எங்களையே வேடிக்கை பார்த்தன.
அவற்றுக்கும் ஏதாவது காட்சி வேண்டாமா.

உச்சியில் ஒன்றுமில்லை.
பத்தடிக்கு மேல் மூட்டம்.
தேநீருக்குக் கொடுத்த காசை
யெர்னெய் இரண்டுமுறை எண்ணிப் பார்த்தான்.
"அந்தப் பக்கம் தெளிந்திருக்கும்."
அந்தப் பக்கம் மழை.

அப்புறம், நாற்பதையெல்லாம் தாண்டி,
எண்ணுவதை நான் மறந்துவிட்ட ஏதோ ஒரு திருப்பத்தில்
கீழே சோச்சா.
அந்த நிறத்துக்கு என்னிடம் சொல் இல்லை.
பல்லால் ஐஸைக் கடித்தால்
ஈறு கூசுமே, அந்தக் கூச்சம்
கண்ணில்.
தொலைபேசியை எடுத்தேன். படத்தில் வெறும் பச்சை.
அழித்துவிட்டேன்.

நான்கு மணிக்கு அலென்கா அழைத்தபோது
கோபரீதில் வாதுமைக் கொழுக்கட்டை
பாதி தட்டில், பாதி வாயில்.
"வந்துகொண்டே இருக்கிறோம்" என்றேன்.
பொய்யில்லை.
டோல்மினில் இன்னொரு மெலிந்த கோடு வந்தது.
நான்தான் திருப்பச் சொன்னேன்.

எட்டரைக்குக் கடல்.
அலென்கா கோபமாகத்தான் நின்றிருந்தாள்.
டார்ச் அடித்து வண்டியைச் சுற்றிவந்தாள்.
சக்கரத்தில் ஆட்டுப்புழுக்கை, ஆற்றுமணல்,
முன்கண்ணாடியில் நான்கு பள்ளத்தாக்குப் பூச்சிகள்.
"எந்த வழியாக வந்தீர்கள்?"

யெர்னெய் வரைபடத்தை முன்மூடிமேல் விரித்தான்.
துறைமுக விளக்கில் அவன் விரல் நகர்ந்தது.
அவள் டார்ச்சை அந்த விரலுக்குப் பிடித்தாள்.
கிழிசலுக்கு வந்ததும் அவன் நின்று,
"இங்கே ஒரு ஊர் உண்டு, போய்ப் பாருங்கள்" என்றான்.
வரைபடம் விலைக்குள் சேர்த்தியில்லை,
இருந்தாலும் கொடுத்துவிட்டான்.

கடைசிப் பேருந்தில் திரும்பினோம்.
நெடுஞ்சாலை, சுரங்கம், மறுபடி நெடுஞ்சாலை.
யெர்னெய் என் தோளில் தூங்கிப்போனான்.
மடியில் கிடந்த அவன் வலக்கை
இல்லாத ஒரு குடைக்காம்பைத்
தள்ளியது,
இழுத்தது.