முப்பது தொப்பிகள்

க்யூர்பிப்பில் அன்றைக்கும் மழைதான்.
நகராட்சிக் கூடத்துத் தகரக் கூரை
ஜெர்மன் வசனத்தை ஒரு சொல் விடாமல் தின்றது.
நஷ்டமில்லை, எனக்கு ஜெர்மன் தெரியாது.
அடியில் ஓடிய பிரெஞ்சில் பாதி படித்தேன்.
மீதியை அவள் கழுத்து சொன்னது.

தொப்பிக் கடைக்காரி, விதவை.
ஐஸ்கட்டி கொண்டுவரும் பையன்மேல் பித்து.
அவன் தலையை நாடாவால் அளக்கிறாள்,
நேற்று அளந்த அதே தலையை.
ஒரு ராத்திரியில் வளர்ந்துவிடுமா என்று
அவன் கேட்கவில்லை.
நின்றான். காசு வாங்கிக்கொண்டான்.

பின்வரிசையில் சிரிப்பு.
யார் இப்படி அழுவார்கள், பொம்மை மாதிரி,
என்றாள் புஸ்பவதி, மிளகாய் வடைப் பொட்டலத்தைப் பிரித்தபடி.
அழவே இல்லையே அவள்.
கண்ணீரைக் கம்மல் போல மாட்டியிருந்தாள்.

நான் திரைச்சீலை தைப்பவள்,
இருபத்திரண்டு வருடமாக.
பார்த்ததுமே தெரிந்தது:
அந்தக் கருஞ்சிவப்பு வெல்வெட்டுக்குப் பின்னால்
சன்னல் கிடையாது, வெறும் சுவர்.
திறக்க ஒன்றுமில்லாத இடத்தில்
தரை புரள மூன்று மடங்கு துணி.

படமெடுத்தவன்
ஒன்றின் சாயம் காயுமுன் அடுத்ததைத் தொடங்குவானாம்.
தூக்கத்தோடு பகையாம்.
என்னவோ. துணியில் கஞ்சத்தனம் இல்லை அவனுக்கு.

தமிழ் வகுப்புப் புத்தகத்தில்
பெருந்திணைக்கு அரைப் பக்கம்தான்.
பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்டோம்.
பனைமடல் குதிரையில்
எருக்கம்பூ சூடி நடுத்தெருவுக்கு வந்தவன்
நடுத்தெருவிலேயே நிற்கிறான்.
பெண்கள் மடலேறக் கூடாதென்று
அதில் ஒரு விதியும் இருந்தது.

இங்கே ஏறிவிட்டாள்.
பையன் போன பிறகு
முப்பது மரத்தலைகளில் முப்பது தொப்பிகள்.
ஒவ்வொன்றிடமும் அதே கேள்வி, அதே குரலில்.
காமிரா செக்குமாடு மாதிரி அவளைச் சுற்றுகிறது.
பதினேழாவது தலையை அறைகிறாள்.
அது ஒரு முழுச் சுற்று சுழன்று
மறுபடியும் அவளைப் பார்த்து நிற்கிறது.

கூடம் முழுக்கச் சிரித்தது.

ஃப்ளோரியாலில் ஒரு வீட்டுச் சன்னலை
நான் நான்கு முறை அளந்திருக்கிறேன்.
சன்னல் வளராது.
எனக்குத் தெரியும், மருதைமுத்துவுக்கும் தெரியும்.
ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டார்.
நான்காம் முறை அவர் மனைவி
தேநீர் கொண்டுவந்தாள், இரண்டு பிஸ்கட்டோடு.
நூற்று நாற்பத்தாறு, என்றேன் சத்தமாக,
யாரும் கேட்காமலே.

யதார்த்தமாக எடுத்திருந்தால்
இதை நான் நம்பியிருக்க மாட்டேன்.
யாரோ ஒருத்தியின் கதை என்று
குடையை எடுத்திருப்பேன்.
இந்த மிகை, இந்தச் சாயம், இந்த மரத்தலை,
இதுதான் என் அளவு.

விளக்கு வந்தது.
எப்படி, என்றாள் புஸ்பவதி,
விரலில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே.

நல்ல துணி, என்றேன்.