முப்பது மில்லி ஆம்பியர்

வெந்நீர்க் குழாயைத் தொட்டால்
கட்டெறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறதாம்.
ரூபியம்மா மூன்று மாதமாகச் சொல்கிறார்.
குளிரில் மரத்த கை அப்படித்தான் என்று
மூன்று மாதமாகச் சொல்லியிருக்கிறார் ஞானாதிக்கம்.

எல்லநள்ளியில் ரயில் பாதைக்கு மேலே வீடு.
ஜூலை மாதம். மஞ்சு சன்னல் வரை வந்து
கண்ணாடியில் வியர்த்து நிற்கிறது.
பெட்டியைத் திறந்தேன்.
சிலந்தி விட்டுப்போன நூல்.
தொண்ணூற்று மூன்றாம் வருட காலண்டர் துண்டில்
'கிச்சன்', 'பெட்ரூம்', 'சாமான் ரூம்' என்று
சாய்ந்த கையெழுத்து.
அதற்கு மேலே, வெற்றிலை போட்ட பல் நிறத்தில்
பிரேக்கர்கள்.

"முப்பத்தோரு வருசம்மா.
ஒருநாள்கூட விழுந்ததில்ல,"
என்கிறார், பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல.
வெடிமருந்து ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவர்.
தீப்பெட்டியை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.
செருப்பில் ஆணி இருக்கக் கூடாதாம்.

விழுந்ததில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம்:
விழ வேண்டி வரவில்லை,
அல்லது விழ மறந்துவிட்டது.
வெளியிலிருந்து பார்த்தால்
இரண்டுக்கும் ஒரே முகம்.

உள்ளே ஒரு சுருள்வில்,
கடுகளவு கொக்கி,
முதல் நாள் தடவிய கிரீஸ்.
பைக்காராவிலிருந்தோ குந்தாவிலிருந்தோ
வந்து சேரும் மின்சாரத்துக்கு வயசில்லை.
கிரீஸுக்கு உண்டு.

ஓரத்தில் டி என்று எழுதிய பொத்தான்.
மாதம் ஒருமுறை அமுக்கச் சொல்லி
எறும்பெழுத்தில் அச்சடித்திருக்கிறது.
"அமுக்கியிருக்கீங்களா?"
"நல்லா இருக்கறதை எதுக்கும்மா தொடணும்?"

தொட்டேன்.
உள்ளே போனது, வெளியே வந்தது.
அழைப்பு மணி அடித்தும்
ஆள் வராத வீடு.

ஒரு பொத்தானின் சாட்சியில் தீர்ப்பு எழுத மாட்டேன்.
பையிலிருந்து நாற்பது வாட் பல்பை எடுத்தேன்,
இரண்டு ஒயர் நீட்டிய என் பழைய பல்பு.
ஒரு முனை பேஸில், மறுமுனை எர்த்தில்.
முப்பது மில்லி ஆம்பியர் வழிதவறினாலே
வெட்டிவிடுவதாகச் சொல்லி வந்தது இது.
நான் விடுவது அதைப்போல் ஐந்தாறு மடங்கு.
இமைப்பதற்குள் வீடு இருண்டிருக்க வேண்டும்.

பல்பு எரிந்தது.
பளிச்சென்று, ஆடாமல், அழகாக.

"பார்த்தியா, நல்லாத்தானே எரியுது!"
ஞானாதிக்கம் சிரித்தார்.
ரூபியம்மாவும் சிரித்தார்.
அந்த வெளிச்சத்தில் இரண்டு பேரையும்
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். சொல்லச் சொல்ல
அவர் முகம் பெட்டி பக்கமே திரும்பவில்லை.
"நீ நோண்டினதுல கெட்டுப்போச்சோ?"
பிறகு, "பத்தாம் தேதி பென்ஷன் வரட்டும்."
பிறகு, "வயர்மேன் யாரையாவது கூட்டிட்டு வாயேன்."
என் லைசன்சிலும் வயர்மேன் என்றுதான் போட்டிருக்கிறது.
கீசர் ஒயரைக் கழற்றி
முனையில் டேப் சுற்றிவிட்டு இறங்கினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
என் வீட்டுப் பொத்தானை நான் அமுக்கி மூன்று வருசம்.
மகளுக்குப் பரீட்சை,
மாமியாருக்கு சீரியல்,
எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறது.

காலை ஆறரைக்குப் போன்.
"ராத்திரி மெயினை இறக்கி வச்சுட்டுத்தாம்மா படுத்தோம்.
ஆளுக்கு ரெண்டு கம்பளி.
அவ திட்டிக்கிட்டே தூங்கிட்டா."
கொஞ்சம் இருமல்.
"மூணாம் ஷெட்டுல ஒரு அலாரம் இருந்துச்சு.
அடிச்சதே இல்லன்னு
பெருமையா சொல்லிக்குவோம்..."
மேலே சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
"புதுசு என்ன விலை ஆகும்?"

முப்பத்தோரு வருசத்தில்
அந்த வீட்டில் முதன்முதலாக ஒன்று விழுந்திருக்கிறது,
எழுபத்திநாலு வயசுக் கையால்.

குன்னூர்க் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
என் வீட்டுப் பெட்டியைத் திறந்தேன்.
கிரைண்டரில் மாவு பாதி.
உள்ளிருந்து மாமியார், "என்னடி பண்ற?"

அமுக்கினேன்.