இருபத்தேழாவது குரல்

என் அப்பா கச்சேரியில் ஏட்டு.
பாட்டுக் கச்சேரி இல்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே
ஒரு புளியமரம், ஓட்டுக்கூரை, நீளத் தாழ்வாரம்.
அதில் ராத்திரிதோறும் இருபத்தேழு ஆண்கள்
வரிசையாய்ப் படுக்க வேண்டும்.

அவர்கள் திருடியதில்லை.
திருடக்கூடும் என்று சட்டம் நினைத்த சாதியில் பிறந்திருந்தார்கள்.
சோறு தின்ற கை காயுமுன்னே
துப்பட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.
பேர் கூப்பிட்டால், "இருக்கேன் சாமி."
சொல்லாதவனுக்குச் சிறை.

ஒச்சாத்தேவனுக்கு அப்போது பதினொன்று. எனக்குப் பத்து.
நாசரேத்திலிருந்து வந்த சலோமி நான்,
அந்த ஊர் நாக்கில் 'சாலாமி' ஆனேன்.
ஏட்டு மகளோடு சேராதே என்று அவன் ஆத்தாளும்
அந்தப் பயலோடு சேராதே என்று என் அம்மாவும்
ஒரே நாளில் சொன்னார்கள்.
அன்றைக்குத்தான் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி
கிணற்றில் எனக்கு நீச்சல் பழக்கினான்.

அவன் சித்தப்பா பர்மாச் சண்டையில் சிப்பாய்.
கடிதம் வரும், பாதி வரிகள் கறுப்பு மைக்குள் மூழ்கி.
மிச்சத்தை நான் வாசிப்பேன்.
"அவருக்குத் துப்பாக்கி குடுத்திருக்காக,
அவரு அண்ணனை வீட்டுல தூங்க விடமாட்டேங்காக" என்பான்.
அதற்குப் பதில் என் பாடப்புத்தகத்தில் இல்லை.

ஐப்பசி அடைமழை.
அவன் ஆத்தாளுக்கு இரண்டு நாளாய் வலி.
பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள் மருத்துவச்சி.
ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட அப்பன் வேண்டும்.
அப்பனுக்கு பாஸ் வேண்டும்.
பாஸ் கொடுக்கிற இன்ஸ்பெக்டர் மதுரையில் இருந்தார்.

"எங்கப்பன் துப்பட்டிக்குள்ள நான் படுத்துக்கிறேன்."
"லாந்தரை மூஞ்சிக்கிட்ட கொண்டு வருவாரே அப்பா?"
"அதை நீ பாத்துக்க."

பாத்துக்க!
எவ்வளவு சுளுவாய்ச் சொல்லிவிட்டுப் போனான்.

கச்சேரிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது:
ஆகாயத்தில் சத்தம் கேட்டால் விளக்கை அணைக்கவும்.
அதை நான் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன்.

பன்னிரண்டாவது பேரில் ஓடிப்போய்க் கத்தினேன்.
"அப்பா! ஏரோப்ளேன்!"

இடிதான். சாயங்காலத்திலிருந்து இடித்துக்கொண்டிருந்தது.
அப்பா வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்,
கொஞ்சம் அதிக நேரம்.
பிறகு சுவரைப் பார்த்தார்.
லாந்தர் அணைந்தது.

இருட்டுக்குள் பேர்கள் போயின, குரல்கள் வந்தன.
கடைசிப் பேர்.
"விருமாண்டித்தேவன்."
மழை.
"விருமாண்டி!"
"இருக்கேன் சாமி..."

பதினொரு வயதுத் தொண்டை
அடியாழத்திலிருந்து தோண்டி எடுத்த குரல்.
'சாமி'யில் கீச்சென்று உடைந்துபோனது.

பக்கத்துத் துப்பட்டியில் யாரோ இருமினார்.
அதற்கடுத்தவர் இருமினார்.
அப்புறம் தாழ்வாரம் முழுக்க,
இருபத்தாறு மார்களும் ஒன்றாய் இருமின.

"மழைக்குச் சளி" என்றார் அப்பா, யாருக்கோ.
பேனா கீறும் சத்தம் கேட்டது.

விடியுமுன் விருமாண்டி வந்து துப்பட்டிக்குள் நுழைந்தார்.
மகன் ஈரத்தோடு வெளியே நழுவினான்.
காலையில் கிணற்றடியில் எனக்கு ஒரு விரலைக் காட்டினான்.
இரண்டு உயிரில் ஒன்று.
ஆத்தா தங்கினாள். தங்கச்சி தங்கவில்லை.
நாங்கள் அன்றைக்கு நீந்தவில்லை.

அப்பா கடைசிவரை எதையும் கேட்கவில்லை.
பதிவேட்டில் அந்த ராத்திரியின் கோடு மட்டும்
வரியை விட்டு இறங்கி
அடுத்த நாளின் கட்டத்தில் விழுந்து கிடந்தது.
மாசியில் எங்களுக்கு மாற்றல் வந்தது.
அந்தக் கோட்டினாலா, தெரியாது.

பதினெட்டு ஆனால் அவனும் ரேகை வைக்க வேண்டும்.
இன்னும் ஏழு வருஷம் என்று மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்.
ஐந்தாவது வருஷமே சட்டம் செத்துப்போகும் என்று
எங்கள் இருவருக்கும் யார் சொல்வார்கள்?

வண்டி திரும்பும்போது புளியமரத்து மேலிருந்து
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.
பழம் தின்ற பிசுக்கு இருந்தது.
மை இல்லை.