பதினாலு பாகம்

தடைக்காலத்தின் இருபத்தொன்பதாம் நாள்
ராமநாதபுரம் போய்
ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்து வந்தார் எமரிட்.
ஏதோ இன்சூரன்ஸ் ஆபீஸில் கழித்துக்கட்டியது.
முதுகில் வெள்ளை பெயிண்டில் எண் எழுதியிருந்தது,
படகுக்கு இருப்பதுபோல.

டிவியோடு கோத்து
மகள் பென்டிரைவில் கொண்டுவந்த நாற்பது படங்களையும் இறக்கி
ரிமோட் ஒன்றும் வாங்கிவிட்டார், வயர்லெஸ்.
பழசைப்போல நேருக்கு நேர் நீட்டி அழுத்த வேண்டாமாம்,
சுவர் தாண்டுமாம்.
அதன் மறுபாதி கட்டைவிரல் நகத்தளவு,
பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கிறது.
"எவ்வளவு தூரம் எடுக்கும்?"
"வீட்டுக்குள்ள எங்க இருந்தும்ணே."
கடைக்காரனுக்கு அது ஓர் அளவு.
நூல் விட்டுப் பார்க்காமல் நங்கூரம் போடாத ஆளுக்கு?

அடுக்களையில் நின்று அழுத்தினார்.
கொல்லைக் கதவில் நின்று அழுத்தினார்.
அரிசி களைந்த கையோடு ஜன்னலில் நான்.
"நின்னுச்சா?"
"நின்னுச்சு."
"இப்ப?"
"ஓடுது."
கக்கூஸ் சுவர், எட்டுப் பாகம்.
முருங்கைமரம், பத்து.
சேசையா கவிழ்த்துப் போட்ட வள்ளம், பதினாலு.
அதற்கு அப்பால் செத்துப்போனது.
கதாநாயகன் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்தார். பேட்டரி ஸ்பிரிங்கில்
அதற்குள் பச்சை பூத்திருந்தது,
இந்த ஊர்க் காற்றுக்கு எதுவும் புதுசில்லை.
பிளேடால் சுரண்டினார்.
"தகரத்துக்குப் பின்னால வச்சா அவனுக்கு எப்படிக் காது கேக்கும்?"
ஒரு நீட்டு வயரில் நகத்தைக் கோத்து
ஜன்னல் கம்பியில் கட்டினார்,
கடலைப் பார்த்து.

மறுபடி நடை.
வள்ளத்தைத் தாண்டி இரண்டு பாகம்கூடப் போகவில்லை,
கட்டைவிரல் அழுத்துகிறது, அழுத்துகிறது,
இங்கே சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.
கச்சான் காற்று அவர் குரலைத் தின்றுவிட்டது.
வாயசைவு மட்டும் தெரிந்தது.
நிவாரணப் பட்டியலில் பேர் விட்டுப்போன அன்று
ஆபீஸ் வாசலில் நின்றாரே,
அதே நிற்பு.

கீபோர்டு மடியில் இருந்தது.
நீளக் கட்டையைத் தட்டினேன். படம் நின்றது.
கையைத் தூக்கிக் காட்டினேன்.

நடந்தார்.
அழுத்தினார், தட்டினேன்.
கருவாட்டுக் களம்,
உடைந்த ஐஸ் பெட்டி,
அழுத்தினார், தட்டினேன்.
முழங்கால் நனையும் தண்ணீரில் நின்று
ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கி
அழுத்தினார்.
கொஞ்சம் தாமதமாகத் தட்டிவிட்டேன்.
அதற்கும் சிரித்தார்.

முப்பத்தாறு பாகம் என்று
சாயந்திரத்துக்குள் தெற்குவாடி முழுக்கத் தெரியும்.
ஃபெமினாவின் வீட்டுக்காரர் கயிற்றோடு வந்தார் அளக்க.
நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சொன்னேன்,
கரண்ட் இல்லை.

தடை முடிந்தது. டோக்கன் வாங்கி
முதல் நாளே இறங்கிவிட்டார்.
ரிமோட்டைத் தேடினேன்.
மெத்தைக்கு அடியில் இல்லை, அரிசிப்பானைமேல் இல்லை.
சட்டைப் பையில் போய்விட்டது,
பீடிக்கட்டோடு.
முந்தின இரவு பாதியில் நிறுத்திய படம்,
பஸ் படிக்கட்டில் ஒரு கால் வைத்தபடி
அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.
ஒன்பதே முக்கால்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்,
பிறகு தட்டினேன்.
ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

விடிந்து வந்தார், ஐஸ் வாடையோடு.
குருசடைத் தீவுக்கு வெளியே நின்று
ராத்திரி பத்து மணிக்கு
சும்மா ஒருதரம் அழுத்திப் பார்த்தாராம்.
"ஓடுச்சா?"
"ஒன்பதே முக்காலுக்கே ஓடிருச்சு."

பேட்டரி இரண்டையும் கழற்றி
கைலியில் துடைத்தார்.
ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நீவாடு அப்படி" என்றார்.