மே மாதத்தில் ஹீட்டர்

திருவொற்றியூர் தாண்டும்போதே
முள் நடுவை விட்டு நகர்ந்தது.
பார்க்காத மாதிரி ஓட்டினேன்.
கடன் கொடுத்தவனைத் தெருமுனையில் கண்டால்
செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவோமே,
அப்படி.

முன்னால் கன்டெய்னர்கள்,
நேற்று ராத்திரியிலிருந்து நிற்கிற வரிசை.
பின்னால் பதினெட்டுப் பெட்டி:
சங்கரா, பாறை, கொஞ்சம் வஞ்சிரம்,
காசிமேட்டில் உடைத்த ஐஸ், மேலே நீலத் தார்ப்பாய்.
பக்கத்து சீட்டில் பவுனம்மாள்,
மடியில் கால்குலேட்டர்.
மீஞ்சூர் காதுகுத்து வீட்டிலிருந்து
மூன்று முறை போன் வந்துவிட்டது.

ஒரு அடி. பிரேக். அரை அடி. பிரேக்.
ஓடினால் காற்றடிக்கும், காற்றடித்தால் ஆறும்.
நின்றால் விசிறி மட்டும்தான்.
அதன் பெல்ட்டு தை மாதமே கீச்சென்று சொன்னது.
நான் பாட்டைக் கூட்டி வைத்தேன்.

இட்லிக் குண்டானில் தண்ணீர் வற்றினால் வருமே,
அந்த வாசனை.
பானெட் இடுக்கில் வெள்ளையாய்.
ஓரங்கட்டினேன்.
'இன்னாய்யா புகையுது?'
'புகை இல்லக்கா. ஆவி.'
'யாரோட ஆவி?'

பின்னால் ஐஸ் உருகிச் சொட்டியது.
முன்னால் கொதித்துச் சொட்டியது.
ஒரே வண்டி.

பவுனம்மாள் இறங்கிப் போய்
இரண்டு கையிலும் ஐஸ் அள்ளி வந்தாள்.
'போடு மேல. அடங்கட்டும்.'
'வேணாம்க்கா. சுட்ட இரும்புல ஜில்லுனு பட்டா
ஹெட்டு விரிசல் வுட்டுடும்.
தானா ஆறணும். மூடியத் தொடவே கூடாது.'
முன்கையைக் காட்டினேன்,
போன வருஷம் தொட்டது
பளபளவென்று இருக்கிறது இன்னும்.
அவள் அந்த ஐஸைத்
தன் பிடரியில் வைத்துக்கொண்டாள்.

நாற்பது நிமிஷம்.
ரோட்டுக்கு வலப்பக்கம் கருங்கல் குவியல்,
அதற்கு அந்தப் பக்கம் அவ்வளவு கடல்.
ஒரு மக்கு கூட உதவாது.
டிரெய்லர்காரப் பையன் ஒருவன், ஜார்க்கண்டாம்,
ஐந்து லிட்டர் கேனை நீட்டினான்.
கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினான்:
குடிக்கிற தண்ணீர்.
தலையாட்டி வாங்கி
ரேடியேட்டரில் ஊற்றினேன்.
அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி ஒரே வழி.
டேஷ்போர்டில் ஒரு திருகு உண்டு,
ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு.
வண்டி எடுத்த அன்று எல்லாரும் சிரித்தோம்,
தண்டையார்பேட்டையில் எவனுக்குக் குளிரப் போகிறது என்று.
சிவப்பின் கடைசிக்குத் திருப்பினேன்.
என்ஜினின் சூட்டை உள்ளே இழுத்து
எங்கள் முழங்காலில் கொட்டியது.
'பைத்தியமா உனக்கு? அக்கினி நட்சத்திரத்துல!'
'அதோட காய்ச்சல நாம கொஞ்சம் வாங்கிக்கறோம்க்கா.
அவ்ளோதான்.'
கண்ணாடியை இறக்கினாள். அனல் வந்தது.
ஏற்றினாள். அதுவும் அனல்தான்.
முள்
மயிரிழை
இறங்கியது.
அதற்குப் பிறகு மீனை விட்டுவிட்டு
அவளும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மீஞ்சூரில் எடை முடிந்ததும்
ஐஸுக்கென்று முந்நூறு பிடித்தாள்.
பன்னீர் சோடா ஒன்று வாங்கித் தந்தாள்.

மறுநாள் கொருக்குப்பேட்டை.
கரீமுல்லா ரேடியேட்டரைக் கழற்றித் தட்டினார்.
வெள்ளைச் செதில் செதிலாய்க் கொட்டியது,
மீன் ஆய்ந்த இடம் போல.
'இன்னா தண்ணி ஊத்துற?'
'வூட்டுத் தண்ணி.'
'போரா?'
'போரு.'
மேலே கேட்கவில்லை.
அவர் கை கழுவிய வாளியின் விளிம்பிலும்
அதே வெள்ளை.
என் மகள் குளிக்கிற மக்கிலும் உண்டு.

'சூட்டப் பாத்துத் தொறக்குற வால்வு ஒண்ணு, கெட்டுப்போச்சு.
கழட்டிட்டேன். இல்லாமயே ஓடும்.'
எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.
சின்னது. ஒரு பக்கம் துரு.
ஏனோ எறியாமல்
மாதத் தவணைச் சீட்டு இருக்கிற பையில்
போட்டுக்கொண்டேன்.