வளைவில் மட்டும்

பின் டயரைக் கிழித்தது ஆணி இல்லை.
கறுப்புக் கல். எரிமலை எப்போதோ துப்பிப்போட்டது.
மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு
கிரெகோரெஸ் ஊருக்குள் நுழைந்தபோது மணி இரண்டு.
படகோனியா முழுக்க மதியத் தூக்கம்.
கார்காமோவின் டயர் கடையில் மட்டும்
கம்ப்ரெஸர் இருமிக்கொண்டிருந்தது.

"பதினெட்டு இஞ்சில் பட்டன் டயர் இல்லை.
அடுத்த லாரி வியாழன்."
அன்று திங்கள்.
பெட்டிகளில் அறுநூறு ஆடுகளுக்கான ஊசிமருந்து,
ஐஸ் உருகத் தொடங்கியிருந்தது.

சுவரில் ஒன்று தொங்கியது.
தார்ச்சாலைக்கென்றே பிறந்தது, வழவழவென்று,
மழைநீர் வடிய நாலைந்து மெல்லிய கோடுகள்.
போன கோடையில் காலை முறித்துக்கொண்டு
விமானத்தில் ஊர் திரும்பிய ஒரு டச்சுக்காரனுடையது.
வண்டியை எவனோ வாங்கிப் போய்விட்டான்.
இது மட்டும் மிச்சம்.

"அதைப் போடு" என்றேன்.

"முன்னால் பட்டன், பின்னால் மொழுக்கையா?
ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் வீட்டுச் செருப்பு."
இருபத்தாறு வயதிருக்கும். கையேட்டைப் பிரித்து
ஒரு வரியின்மேல் கிரீஸ் விரலை வைத்தான்:
ஜோடியாக மட்டுமே.
இதை எழுதியவர்கள் ஊரில் காற்றே அடிக்காது என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
ரசீதின் பின்பக்கம் எழுதி நீட்டினான்:
'வாடிக்கையாளரின் பிடிவாதத்தால்.'
நெலிடா ஓயார்சோ என்று கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு கவனமாகத்தான் மாட்டினான்.
அம்புக்குறி சுழலும் திசையைப் பார்க்கிறதா என்று
இரண்டு முறை குனிந்தான்.
காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தான்,
நான் கேட்காமலே.

ஊர் எல்லைவரை தார்.
முன்சக்கரம் முனகியது,
ஒவ்வொரு பட்டனும் தனித்தனியே தட்டி.
பின்னது மூச்சுகூட விடவில்லை,
சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல.

ஜல்லி தொடங்கியதும் கதை மாறியது.
முன்னது வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது.
பின்னது நாய்வால்.
மேற்கிலிருந்து காற்று தோளில் இடித்தபடியே இருந்தது.
திரும்பு என்றால் முன்சக்கரம் திரும்பும்.
அந்தச் சேதி பின்னால் போய்ச் சேர
ஒரு மூச்சு நேரம் ஆகும்.
அந்த ஒரு மூச்சுக்குள்தான்
நூற்றுப் பத்து கிலோமீட்டரும் ஓட்டினேன்.
வலது பாதத்தை மறந்துவிட வேண்டியிருந்தது:
பின் பிரேக்கைத் தொட்டால்
இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதில்லை.

பண்ணையில் எர்மிந்தா எண்ணினாள்.
ஆறு பெட்டி என்று சீட்டில் இருந்தது.
ஐந்துதான் இருந்தது.

என் தடத்தையே பிடித்துக்கொண்டு திரும்பினேன்.
முந்தின நாள் மழையில் மண் பதமாக இருந்தது.
கோடை வெளிச்சம் பத்து மணிவரை போகாது.

நேர்ச்சாலையில் ஒரே தடம்:
மெல்லிய நாலைந்து கோடு.
முன்சக்கரம் குத்திக் குத்திப் போட்டதையெல்லாம்
பின்னால் வந்தது தேய்த்துவிட்டிருந்தது.
முதலில் போனதற்குச் சாட்சியே இல்லை.
வளைவில் மட்டும் இரண்டும் பிரிந்தன,
பட்டன் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம்,
வளைவு முடிந்ததும் மறுபடி ஒன்று.

வறண்ட ஓடைக்கு முந்தைய திருப்பத்தில்
வண்டியை நிறுத்தினேன்.
இங்கே குவானாகோ ஒன்று குறுக்கே ஓடியது,
லேசாக ஆடியதாக ஞாபகம். காற்று என்றுதான் நினைத்தேன்.
மண் வேறு மாதிரி சொன்னது.
இரண்டு தடத்துக்கும் நடுவே பூட்ஸை வைத்து அளந்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்றாவதில் பாதி.
அப்புறம் எப்படியோ, கூச்சத்தோடு சேர்வதுபோல,
ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது.

பெட்டி முள்புதரில் மல்லாந்து கிடந்தது.
உள்ளே தண்ணீர்தான், ஆனால் சில்லென்று.
உடனே எடுக்கத் தோன்றவில்லை.
கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்,
முட்டி நடுங்கி முடிக்கட்டும் என்று.

வியாழக்கிழமை கார்காமோ செய்தி அனுப்பினான்:
லாரி வந்துவிட்டது, பட்டன் டயர் இருக்கிறது.
வருகிறேன் என்று எழுதினேன்.
அந்த ரசீதைக் கிழித்துவிடாதே,
நீ எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.